எட்டிப் பார்க்க முடிகிறதா?

கேள்வி: அட்டைக் கண்ணாடியில் செல்போனைச் செருகி 360 டிகிரி வீடியோ பார்த்தேன். அது வி.ஆர். (விர்ச்சுவல் ரியாலிட்டி, மெய்நிகர் உலகம்) தானே சார்?

பதில்: பாதி வி.ஆர். என்பேன். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும், அதுவரை சரி. அடுத்த முறை எதிரே ஒரு தூண் தெரிந்தால், உடம்பைச் சாய்த்து அதன் பின்னால் எட்டிப் பாருங்கள். முடியாது. கேமரா நின்ற இடத்திலேயே உங்கள் தலையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். 2018-ல் வந்த ஆக்குலஸ் கோ என்ற ஹெட்செட் (தலையில் மாட்டும் வி.ஆர். கருவி) தலை திரும்புவதை மட்டும்தான் கவனித்தது. மறு ஆண்டு வந்த குவெஸ்ட் ஹெட்செட், நீங்கள் குனிவது, நகர்வது, நடப்பது எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தது. இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டிப் பாருங்கள், உடம்புக்கே வித்தியாசம் புரிந்துவிடும். எட்டிப் பார்க்க முடிந்தால்தான் அது எனக்கு முழு வி.ஆர்.

கேள்வி: மால்களில் இருக்கும் 5டி தியேட்டர்? நாற்காலி ஆடுகிறது, தண்ணீர்கூடத் தெளிக்கிறார்களே!

பதில்: அது வி.ஆர். இல்லை. திரைப்படக் கலைஞர் மார்ட்டன் ஹைலிக் 1962-ல் காப்புரிமை பெற்ற சென்சோராமா என்ற இயந்திரத்திலேயே முப்பரிமாணப் படம், காற்று, வாசனை, அதிரும் இருக்கை எல்லாம் இருந்தன. அருமையான கற்பனை. ஆனால் நீங்கள் எங்கே திரும்பினாலும் படம் தன் பாட்டுக்கு ஓடும். 1968-ல் கணினி விஞ்ஞானி ஐவன் சதர்லண்ட் தலையில் மாட்டும் கருவியில் காட்டியதோ கோடுகளால் ஆன ஒரு கனசதுரம், அவ்வளவுதான். தலையசைவை அளக்கக் கூரையிலிருந்து ஒரு உலோகத் தண்டு தொங்கியது. தலை நகர நகர, கனசதுரத்தின் தோற்றமும் மாறியது. அதைத்தான் வி.ஆரின் தொடக்கம் என்பேன்.

கேள்வி: செல்போன் விளையாட்டு போக்கிமான் கோ?

பதில்: இல்லை. நிஜத் தெருவின் மேல் படத்தை ஒட்டுவது ஏ.ஆர். (ஆக்மென்டட் ரியாலிட்டி).

கேள்வி: ஹெட்செட் கட்டாயமா?

பதில்: இல்லை. 1992-ல் சிகாகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தினர் காட்டிய ‘கேவ்’ ஓர் அறைதான். சுவர்களிலும் தரையிலும் படம் விழும், மெல்லிய முப்பரிமாணக் கண்ணாடி போதும். ஒருவருடைய தலையை மட்டும் பின்தொடர்ந்து படம் வரைவதால், பக்கத்தில் நிற்பவருக்குக் காட்சி சற்றுக் கோணலாகத் தெரியும். அங்கே அந்த ஒருவருக்குத்தான் முழு வி.ஆர்.

கேள்வி: எனக்கு ஒரு கண்ணில்தான் பார்வை. ஹெட்செட் வாங்கினால் வீணா சார்?

பதில்: வீணாகாது. ரயிலில் போகும்போது பக்கத்து மின்கம்பம் விருட்டென்று ஓடும், தூரத்து மலை மெல்ல நகரும். அந்தத் தூரம் ஒற்றைக் கண்ணுக்கும் தெரியும் அல்லவா? நீங்கள் நகர்வதைக் கவனிக்கும் ஹெட்செட்டில் அதே வித்தைதான் நடக்கிறது. கடையில் மாட்டிப் பார்க்கும்போது நின்ற இடத்திலேயே நிற்காதீர்கள், இரண்டடி நடந்து பாருங்கள்.