துவைத்த துணி டயப்பரிலும் மூத்திர வாடை போகவில்லையே, ஏன்?
சோப்பு போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் பவுடரைக் கொட்டுவோம். பெரும்பாலும் போதாமல் இருப்பது அலசல்தான். சிறுநீரில் உள்ள யூரியாவைப் பாக்டீரியா அமோனியாவாக மாற்றுவதால் வரும் நெடி அது. அதனால் கழற்றியதுமே பச்சைத் தண்ணீரில் அலசிவிடுங்கள், இரவு டயப்பரைக் கட்டாயமாக. அப்புறம் சோப்பில் துவைத்து, நுரை போகும்வரை அலசுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு படிந்து துணி விறைக்கும். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் வேண்டும். வாசனைக்கு ஊற்றும் கண்டிஷனர் வேண்டவே வேண்டாம், நூலில் படிந்து ஈரம் உறிஞ்சவிடாது.

உள்துணியை வெயிலில் போடுங்கள், மஞ்சள் கறையும் வெளுக்கும். நீர்புகா மேலுறைக்கு நிழல் போதும், கொதிநீர் கூடாது. பாட்டி கிழித்துத் தந்த பழைய வேட்டித் துணிக்கு இந்தக் கவலையெல்லாம் இருந்ததில்லை. ஒற்றை மடிப்பு, சீக்கிரம் காய்ந்துவிடும்.