உத்தரகாசிக்குப் போகிறேன் என்கிறாள் மகள்

பெரம்பூரிலிருந்து சென்ற சனிக்கிழமை மகளுடன் வந்திருந்த அம்மாவுக்கு,

அன்று நீங்கள் கேட்டதற்கு நான் நேராகப் பதில் சொல்லவில்லை. பி.எஸ்சி. புவியியல் கடைசி ஆண்டு படிக்கும் பெண், முதுகலைக்கு விண்ணப்பம் போட வேண்டிய நேரத்தில் மலையேற்றப் பயிற்சிக்கு இமயமலைப் பக்கம் உத்தரகாசிக்குப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "பாறையில் ஏறுவதெல்லாம் ஒரு வேலையா, சார்?" என்றீர்கள்.

வேலைதான். ஆனால் அவள் மனத்தில் இருக்கும் படம் ஒன்று, அந்த வேலை கேட்பது வேறொன்று.

நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவள் என் மேசைமேல் கிடந்த பார்சல் கயிற்றை எடுத்து '8' வடிவ முடிச்சைப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். பாறை ஏறுபவர்கள் இடுப்புப் பட்டையில் கயிற்றைக் கோத்துக்கொள்ளும் முடிச்சு அது. கண் பார்க்காமலே விரல்கள் போட்டன. அதை உங்கள் கைப்பையின் வாரில் கட்டச் சொன்னேன், நினைவிருக்கும். கட்டினாள். பிறகு குனிந்து, இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஜோடியாக ஓடுகின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்தாள். மிச்ச வால் போதுமா என்று பார்த்தாள். கடைசியாக இழுத்து இறுக்கினாள். தனக்கு விளையாட்டாகப் போட்டபோது செய்யாத சோதனையை அடுத்தவர் பொருளுக்குச் செய்தாள். மலை வழிகாட்டி சம்பளம் வாங்குவது அந்தக் குனிதலுக்குத்தான். சிகரத்தில் கொடி பிடித்து நிற்கும் புகைப்படத்துக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை.

பிரான்சில் மோன் பிளாங்க் மலையடியில் ஷமொனி என்றோர் ஊர். 1820இல் ஒரு பயணியின் பிடிவாதத்துக்காக, வானிலை சரியில்லாதபோதும் வழிகாட்டிகள் மேலே ஏறினார்கள். பனிச்சரிவில் மூன்று வழிகாட்டிகள் இறந்தார்கள். அடுத்த ஆண்டே, 1821இல், அந்த ஊர் வழிகாட்டிகள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். பணம் கொடுத்தவரிடம் "இன்று ஏற முடியாது, திரும்புவோம்" என்று சொல்வதுதான் இந்தத் தொழிலில் மிகக் கடினமான வேலை. அதற்கு வலுவான கைகளைவிட வலுவான நாக்கு வேண்டும். வீட்டில் அந்த நாக்கு அவளுக்கு இருப்பதாக நீங்களே புகார் சொன்னீர்கள்!

என் கதை ஒன்று. இருபத்தைந்து வயதில், ஆந்திர எல்லை மலையொன்றுக்கு ஒரு குழுவோடு போனேன். முழங்கால் வீங்கி நான் பின்தங்கியதை எங்கள் வழிகாட்டி கவனிக்கவேயில்லை. வேகமாக நடப்பவர்களோடு அவர் முன்னே போய்விட்டார். தண்ணீர் தீர்ந்து, இருட்டுகிற வேளையில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர்தான் என்னைப் பாதையில் கொண்டுவந்து சேர்த்தார். அந்த வழிகாட்டி நல்ல மலையேறி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணத் தெரியாதவர்.

இனி பாதைக்கு வருகிறேன். டார்ஜிலிங்கில் 1954இலும் உத்தரகாசியில் 1965இலும் தொடங்கிய நிலையங்கள், மணாலி, பஹல்காம் நிலையங்கள் எல்லாமே அரசு சார்ந்தவை. உத்தரகாசி நேரு மலையேற்ற நிலையத்தைப் பாதுகாப்பு அமைச்சகமும் உத்தராகண்ட் அரசும் சேர்ந்து நடத்துகின்றன. அடிப்படைப் பயிற்சி ஏறத்தாழ நான்கு வாரம். அதில் 'ஏ' கிரேடு வாங்கினால்தான் மேல்நிலைப் பயிற்சி. அதிலும் 'ஏ' வாங்கினால்தான் பயிற்றுநர் பயிற்சி. ஆகவே முதல் நான்கு வாரமே ஒரு வடிகட்டி. உங்கள் கவலைக்கு ஒரு மாதத்தில் பதில் கிடைத்துவிடும். பெண்களுக்கென்று தனி அணிகளும் நடத்துகிறார்கள். இடங்கள் பல மாதம் முன்பே நிரம்பிவிடும் என்பதால் தேர்வு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இந்தச் சான்றிதழோடு தொலைதூர இடங்களுக்கான முதலுதவிப் பயிற்சியையும் அவள் முடிக்க வேண்டும். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். கடல்மட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம். பரங்கிமலையே சுமார் 300 அடிதான். சென்னையிலிருந்து வருபவரை மூன்று நாளில் 4,000 மீட்டருக்கு ஏற்றினால் தலைவலி, வாந்தி என்று தொடங்கும். 3,000 மீட்டருக்கு மேல் இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது பொதுவிதி. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, ஒரு பாதத்தின் முன் மறு பாதம் வைத்து நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, நள்ளிரவானாலும் கீழே இறக்கியாக வேண்டும். "காலையில் பார்ப்போம்" என்று சொல்பவர் வழிகாட்டி அல்ல.

ஆபத்தை மறைக்க மாட்டேன். 2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா தண்டா-2 சிகரத்தில் ஏற்பட்ட பனிச்சரிவில் இதே உத்தரகாசி நிலையத்தின் மேல்நிலைப் பயிற்சிக் குழுவினர் 25 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பயிற்றுநர்களும் உண்டு. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத் தீயில் சென்னையிலிருந்து போன பெண்கள் இறந்தது உங்களுக்கு மறந்திருக்காது. இரண்டும் ஒரே வகை விபத்து அல்ல. முதலாவது சொல்வது, பயிற்சி பெற்றவர்களையும் மலை விடுவதில்லை என்பது. இரண்டாவதற்குப் பிறகு தமிழகத்தில் மலையேற்றத்துக்கு விதிகள் இறுகின. 2024இல் அரசே 40 பாதைகளைத் தேர்ந்து 'ட்ரெக் தமிழ்நாடு' தொடங்கியது; அங்கே வழிகாட்டிகள் அந்தந்த மலையின் பழங்குடி, வனக் கிராம இளைஞர்கள். அது நியாயம்தான். அங்கே போய் வேலை கேட்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

அப்படியானால் சென்னைப் பெண்ணுக்கு எங்கே இடம்? உத்தரகாசிக்காரர் நுரையீரலோடு அவள் போட்டி போட முடியாது. ஆனால் முதல்முறை பனியைப் பார்க்கும் தமிழ்க் குடும்பத்துக்கும், ஹம்பி, பாதாமி பாறைகளுக்கு அழைத்துப் போகப்படும் பள்ளிப் பிள்ளைகளுக்கும், பெண்கள் குழுக்களுக்கும் அவள்தான் தேவை. பயத்தைத் தாய்மொழியில் சொல்ல முடிந்தால் பாதி பயம் குறையும். அதே சமயம் பயிற்சி நிலையத்தில் பேச்சு பெரும்பாலும் இந்திதான். போகும்முன் பேசுமளவு கற்றுக்கொள்ளட்டும்.

வருமானம் நாள் கணக்கில் வரும், பருவத்தில் வரும். மே, ஜூனிலும் செப்டம்பர், அக்டோபரிலும் இமயம். குளிர்காலத்தில் தென்னகப் பாறைகள். இடையில் ஏறிப் பழகும் செயற்கைச் சுவரில் பயிற்சி, பள்ளி முகாம்கள். மழைமாதங்களில் கை காய்ந்துதான் போகும். அதனால் முதுகலையைத் தொலைதூரக் கல்வியிலாவது சேர்ந்து முடிக்கட்டும் என்பது என் கருத்து. புவியியல் படித்தவளுக்கு வரைபடமும் வானிலையும் ஏற்கெனவே பாதி வந்துவிட்டன.

பச்சேந்திரி பால் எம்.ஏ., பி.எட். படித்தும் சரியான ஆசிரியர் வேலை அமையாமல்தான் இதே உத்தரகாசி நிலையத்தில் சேர்ந்தார். 1984 மே 23இல் எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண். அது ஒருநாள். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஜாம்ஷெட்பூரில் டாடா ஸ்டீல் சாகச அமைப்பில் பிறரை மலையேற்றியதுதான் அவருடைய உத்தியோகம். நம் தமிழ்நாட்டு முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் ஏறியதும் மே 23தான், 2023இல். தேதிப் பொருத்தம் பார்ப்பவர் நீங்கள் என்பதால் சொல்கிறேன்.

ஏதாவது நிறுவனம் வேலைக்கு அழைத்தால் ஒன்றை மட்டும் கேட்கச் சொல்லுங்கள்: காப்பீடு பயணிக்கு மட்டுமா, வழிகாட்டிக்கும் உண்டா? பதில் மழுப்பலாக வந்தால் அங்கே சேர வேண்டாம்.

இப்போதைக்கு மருத்துவச் சான்றிதழும் விண்ணப்பமும் போதும். பனிப் பூட்ஸ், ஐஸ் கோடாரி என்று கடை கடையாக அலையாதீர்கள். அவற்றை நிலையமே கொடுக்கும். நல்ல நடைக் காலணி ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள். பத்துப் பன்னிரண்டு கிலோ புத்தகத்தை முதுகில் போட்டுக்கொண்டு தினமும் அடுக்குமாடிப் படிகளில் ஏறி இறங்கட்டும். கொப்புளம் வருவதென்றால் பெரம்பூரிலேயே வரட்டும்.