டிஸ்க் விலகினால் ஒபரேஷன் செய்யத்தான் வேண்டுமா?

கேள்வி: அம்மாவுக்கு 46 வயது. தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். ஏழு வாரமாக இடுப்பிலிருந்து இடது காலின் பின்பக்கமாகச் சுண்டுவிரல் வரை வலி இழுக்கிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கடைசி டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தை மாதிரி இருக்கும் வட்டு) விலகி நரம்பை அழுத்துவதாக வந்திருக்கிறது. ஒபரேஷன் செய்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று லயனில் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?

பதில்: ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து ஒபரேஷனை முடிவு செய்ய முடியாது. வலியே இல்லாதவர்களுக்கு ஸ்கேன் எடுத்தாலும் பலருக்கு டிஸ்க் பிதுங்கியிருக்கும். அம்மாவின் காலில் பலம் இருக்கிறதா, சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

இன்றைக்கே சுவரைப் பிடித்துக்கொண்டு அவரை இடது கால் நுனியில் மட்டும் எழும்பச் சொல்லுங்கள். அப்புறம் குதிகாலால் நாலு அடி நடக்கச் சொல்லுங்கள். வலித்தாலும் முடிகிறதென்றால் அவசரமில்லை. கால் எழும்பவே மறுத்தால், பாதம் தொங்கினால், அந்த வாரமே கிளினிக்கில் காட்டுங்கள்.

ஒரேயொரு நிலைமையில் விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் முட்டியும் போகாமலிருப்பது, தெரியாமலே சிறுநீரோ மலமோ போவது, தொடையிடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய இடமும் மரத்துப்போவது, இரண்டு காலும் பலமிழப்பது: இதில் எது வந்தாலும் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பெண்கள் இதைச் சொல்ல வெட்கப்பட்டு மறைத்துவிடுகிறார்கள். அம்மாவிடம் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். அந்த நரம்புகளைக் காப்பாற்றக் கிடைப்பது சில மணித்தியாலங்கள்தான்.

இது எதுவும் இல்லையென்றால் காலம் அம்மாவின் பக்கம் இருக்கிறது. பிதுங்கி வெளியே வந்த துண்டை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துவிடும். பெரிய துண்டுகள்கூடச் சுருங்குவதுண்டு. அதனால்தான் பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் கால்வலி குறைகிறது. நெதர்லாந்தில் இதே மாதிரிக் கடுமையான கால்வலி இருந்த 283 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குச் சீக்கிரமே ஒபரேஷன் செய்தும் மறுபகுதியைக் காத்திருக்க வைத்தும் பார்த்தார்கள். 2007இல் வெளியான அந்த முடிவின்படி ஒபரேஷன் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் போனது. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரு பகுதியினரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 39 பேர் வலி தாங்காமல் இடையில் ஒபரேஷன் செய்துகொண்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

காத்திருப்பதென்றால் படுத்தே கிடப்பதல்ல. ஓரிரு நாள் போதும்; அதற்குமேல் படுத்தால் முதுகுத் தசை தளர்ந்துவிடும். லயன் வாசலில், சமதரையில், கொஞ்சம் கொஞ்சமாக நடக்கட்டும். பிசியோதெரபி கிடைத்தால் விடாதீர்கள். டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின், சில நாட்களுக்கு மட்டும் எடுக்கலாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, பிரஷர் இருந்தால் டொக்டரைக் கேட்காமல் கடையில் வாங்க வேண்டாம். நரம்பு வலிக்கென்று கொடுக்கும் பிரிகபலின் மாத்திரையால் இந்தக் கால்வலிக்குப் பெரிய பலன் தெரியவில்லை. தலைச்சுற்றலும் வரும். மலைச்சரிவில் ஏறி இறங்குகிறவருக்கு அது ஆபத்து. முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குச் சில வாரம் நிம்மதி தரும், அவ்வளவுதான். சீனி வருத்தம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பன்னிரண்டு வாரம் தாண்டியும் கால்வலி தூங்கவிடாவிட்டால் ஒபரேஷனுக்குப் பயப்பட வேண்டாம். முண்ணாண், அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் பெரிய நரம்புத் தண்டு, இடுப்பின் மேல்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அம்மாவின் டிஸ்க் விலகிய இடத்தில் இருப்பது தனித்தனி நரம்பு வேர்கள்தான். சின்னதாக வெட்டி, நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் எடுப்பார்கள். கால் விளங்காமல் போவது மிக அரிது. தொற்று வரலாம், சிலருக்கு டிஸ்க் மறுபடியும் பிதுங்கலாம். இன்னொன்று, ஒபரேஷன் தீர்ப்பது கால்வலியை. இடுப்பு வலி கொஞ்சம் மிஞ்சலாம். அதை முன்னமே தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. கண்டி தேசிய வைத்தியசாலையில் நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவு இருக்கிறது, அரசாங்க வைத்தியசாலை என்பதால் இலவசம். உங்கள் பகுதி வைத்தியசாலையில் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

எண்ணெய் தடவி இதமாகப் பிடித்துவிட்டால் பாதகமில்லை. முதுகில் ஏறி மிதிப்பதற்கும் இடுப்பை முறுக்கிச் சொடுக்கெடுப்பதற்கும் யாரையும் விடாதீர்கள்.

வேலைதான் பெரிய கவலை. ஒரு நாள் போகாவிட்டால் பேர் (அன்றைய நாள் சம்பளம்) விழாது, அதனால் வலியோடு மலையேறுகிறார்கள். மழையில் நனைந்த கொழுந்து காய்ந்த கொழுந்தைவிடப் பாரம். கிளினிக்கில் டொக்டரிடம் பாரம் தூக்காத வேலை கொடுக்கும்படி, எத்தனை வாரம் என்று குறிப்பிட்டு, எழுத்தில் வாங்கித் தோட்ட ஆபீஸில் கொடுங்கள். ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தண்ணீர்க் குடத்தையும் விறகுக் கட்டையும் அதுவரை நீங்களும் தம்பி தங்கச்சிகளும் தூக்குங்கள்.