நிறச் சேர்க்கை சரிதான், மணி மாலை ஏன் மங்கிப் போகிறது?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டிலேயே மணி கோத்து மாலையும் வளையலும் செய்து, மே மாத சீசனில் ஊட்டியில் ஒரு கடையில் வைத்து விற்கிறாராம். “நிறங்களை வட்டமாக அடுக்கிய கலர் வீல் பார்த்துத்தான் நிறம் எடுக்கிறேன். சிவப்புக்குப் பச்சை, மஞ்சளுக்கு ஊதா என்று எதிரெதிர் நிறங்களாகக் கோக்கிறேன். கையில் வைத்துப் பார்த்தால் அழகாக இருக்கிறது. கடை ஸ்டாண்டில் தொங்கவிட்டால் மண் நிறத்தில் தெரிகிறது, யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எந்த நிறத்தோடு எந்த நிறம் சேர்த்தால் தப்பாது? கோத்து வைத்த இருபது மாலைகளை என்ன செய்வது?” இதுதான் கேள்வி. கூடவே ஒரு மாலையின் படத்தையும் அனுப்பியிருக்கிறார்.

படத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. 11/0 அளவு கண்ணாடி மணி, அதாவது ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். ஒரு சிவப்பு, ஒரு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு பச்சை என்று கழுத்தைச் சுற்றிலும் கோத்திருக்கிறார். நிறத்தேர்வில் குறையே இல்லை. சிவப்பும் பச்சையும் நம் கெம்பு நகைகளில் காலங்காலமாகச் சேர்ந்து வருபவைதானே. கோத்த வரிசைதான் காலை வாரிவிட்டது.

இவ்வளவு சிறிய மணிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்தால், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நிற்பவர் கண்ணுக்கு அவை தனித்தனி மணிகளாகத் தெரியாது. இரண்டு நிறமும் கண்ணுக்குள்ளேயே கலந்துவிடும். சிவப்பும் பச்சையும் கலந்தால் பழுப்பு, மஞ்சளும் ஊதாவும் கலந்தால் சாம்பல். கலர் வீலில் நேர் எதிரே இருக்கும் நிறங்கள் பெரிய பரப்பில் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். பொடிப்பொடியாகக் கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். நீங்கள் நம்பி எடுத்த அதே விதிதான் உங்களுக்கு எதிராகத் திரும்பியிருக்கிறது.

இது இன்று நேற்று வந்த தலைவலி இல்லை. பாரிஸில் கோப்லான் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவாலை உண்டு. அங்கே சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் மிஷேல் யூஜென் ஷெவ்ரோல் என்ற வேதியியல் அறிஞர். கறுப்புச் சாயம் சரியில்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்தால் கறுப்பு சோகையாகத் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் பழுதில்லை. பக்கத்து நூலின் நிறம்தான் கறுப்பின் தோற்றத்தை மாற்றியிருந்தது. இதை விரிவாக ஆராய்ந்து 1839இல் பெரிய நூலாகவே வெளியிட்டார். நூலுக்குச் சொன்னது மணிக்கும் பொருந்தும். மணியின் நிறம் பாதி மணியில், மீதி அதன் பக்கத்து வீட்டுக்காரர் கையில்!

சரி, தீர்வுக்கு வருவோம். நம் கண் நுணுக்கமான வடிவங்களைப் பிரித்தறிவது முக்கியமாக வெளிச்ச வேறுபாட்டை வைத்துத்தான். நிற வேறுபாட்டை மட்டும் வைத்துப் பொடி விஷயங்களைப் பிரிப்பதில் கண் அவ்வளவு கெட்டி இல்லை. ஆகவே மணி சிறிதாகச் சிறிதாக, ‘என்ன நிறம்’ என்பதைவிட ‘எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர்த்தி’ என்பதுதான் முக்கியம். அரக்குச் சிவப்பு, பாட்டில் பச்சை, மயில்கழுத்து நீலம் மூன்றையும் சேர்த்தால் மூன்று நிறம் என்று நினைப்போம். வெளிச்சக் கணக்கில் அது ஒரே நிறம், மூன்றுமே ஒரே அளவு இருட்டு.

இதைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. நினைத்திருக்கும் மணிகளை ஊசியில் ஒரு அங்குல நீளத்துக்கு மட்டும் கோத்து வெள்ளைத் தட்டில் வையுங்கள். செல்போனில் படமெடுத்து, கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். படத்தில் எந்த மணி எது என்று தெரிகிறதா? தெரிந்தால் தாராளமாக முழு மாலையையும் கோக்கலாம். எல்லாம் ஒரே சாம்பல் கோடாகத் தெரிந்தால் ஏதோ ஒரு நிறத்தை வெளிர் ஆக்க வேண்டும், அல்லது நன்றாக அடர்த்தியாக்க வேண்டும். முதல் முறை செய்யும்போது பலருக்குத் தூக்கிவாரிப்போடும். கடைக்காரர் ‘சூப்பர் மேட்சிங்’ என்று கட்டிக்கொடுத்த பாக்கெட்டுகள் பாதி இந்தச் சோதனையில் தேறாது.

அடுத்தது அளவு. இரண்டு நிறத்தையும் சரிபாதி போடும் பழக்கத்தை விடுங்கள். இதற்குப் பாடம் படிக்க நீங்கள் வெகுதூரம் போக வேண்டாம். தோடர்களின் பூத்துக்குளிச் சால்வையை எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். வெள்ளைப் பருத்தித் துணி, அதில் சிவப்பு நூல், கறுப்பு நூல், அவ்வளவுதான். துணியின் இழைகளை எண்ணி எண்ணிப் போடும் தையல் அது. ஒவ்வொரு தையலும் கிட்டத்தட்ட ஒரு மணி அளவுதான் இருக்கும். ஆனாலும் தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலே பளிச்சென்று தெரிகிறது. காரணம், பெரும்பகுதி வெள்ளையாகவே விடப்பட்டிருக்கிறது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே முழு வெளிச்ச தூரமும் கிடைக்கிறது. சிவப்பு இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. அதோடு, நிறங்கள் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சிதறாமல் பட்டை பட்டையாகக் கூடி நிற்கின்றன. வெளிச்சம், அளவு, கூட்டம் மூன்றும் அதிலேயே இருக்கின்றன.

நிறப்பாடம் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். தோடர் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரை வைத்து மணி மாலை விற்பது நியாயமில்லை, சட்டச் சிக்கலும் வரும். சிவப்பு கறுப்பு என்றதும் குன்றிமணி நினைவுக்கு வரலாம். அதைத் தொடவே தொடாதீர்கள். விதைக்குள் இருப்பது கடும் நஞ்சு, ஊசியால் துளையிடும்போது ஓடு உடைந்தால் ஆபத்து. அதே நிறத்தில் கண்ணாடி மணி தாராளமாகக் கிடைக்கிறது.

கணக்காகச் சொல்ல வேண்டுமென்றால், நூறு மணியில் எழுபது அடித்தள நிறம், இருபத்தைந்து துணை நிறம், ஐந்து மட்டும் எடுப்பான நிறம் என்று ஆரம்பியுங்கள். பட்டுச் சேலையில் உடல், பார்டர், நடுவே ஓடும் ஜரிகைக் கோடு என்று நாம் பார்த்துப் பழகியதுதான். அந்த ஐந்தையும் மாலை முழுக்கத் தூவாமல் டாலரின் இருபுறமும் சேர்த்து வைத்தால் கண் அங்கே போய் நிற்கும். உங்கள் சிவப்பு பச்சை மாலையையே எடுத்துக்கொள்வோம். ஏழு சிவப்பு, ஒரு கிரீம், ஒரு சின்னத் தங்க நிற மணி, மறுபடி ஒரு கிரீம், பிறகு ஏழு சிவப்பு. பச்சை நடுவில் மட்டும், கொஞ்சம் பெரிய மணியாக, 6/0 அளவில். கெம்பு அட்டிகையில் சிவப்புக் கல்லுக்கும் பச்சைக் கல்லுக்கும் நடுவே தங்கமும் முத்தும் இருப்பது சும்மா அலங்காரத்துக்கு இல்லை. இரண்டு நிறமும் முட்டிக்கொள்ளாமல் பிரித்து வைப்பதே அவைதான்.

மணியின் மேற்பரப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் ஒரே நீலத்தில் மேட் மணி, பளபள மணி, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் மணி, உள்ளே வெள்ளி பூசிய மணி என்று நான்கு எடுத்தால் அவை நான்கு வேறு நிறங்கள் போலவே நடந்துகொள்ளும். ஊடுருவும் மணிக்குள் எந்த நூல் ஓடுகிறதோ அதன் நிறம் வெளியே தெரியும். வெள்ளை நூலில் வெளிறும், கறுப்பு நூலில் ஆழம் கூடும். ஒரே நிறத்தில் இரண்டு சாயல் வேண்டுமென்றால் மணியை மாற்றாமல் நூலை மாற்றியே பார்த்துவிடலாம். வானவில் பூச்சு மணியை அளவாகப் போடுங்கள். மாலை முழுக்க அதுவே இருந்தால் எந்த நிறமும் நிலையாக நிற்காது, எனக்கு அது கண்ணை உறுத்தும் ரகம்.

இதில் மலைக்கே உரிய ஒரு சங்கதியும் இருக்கிறது. வெள்ளி பூசிய மணியும் பட்டை தீட்டிய மணியும் மின்ன வேண்டுமென்றால் ஒரு புள்ளியிலிருந்து அடிக்கும் வெளிச்சம் வேண்டும். வெயிலோ பல்போ இருந்தால்தான் அந்த மினுமினுப்பு. மஞ்சு இறங்கிய நாளில் வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே மாதிரி வரும், மினுக்கு செத்துவிடும். கோவை கடையில் பல்புக்கு நேர் கீழே ஜொலித்த மணி கோத்தகிரிக்கு வந்ததும் ஏன் சோபிக்கவில்லை என்பதற்குப் பதில் அதுதான். மூட்டமான நாளிலும் நிற்பவை ஒளி ஊடுருவாத, நிறம் கெட்டியான மணிகள். பாதிக்கு மேல் அந்த ரகம் இருக்கட்டும், மினுக்கு மணி ஓரத்தில் போதும். மணி வாங்கும்போது கடை வாசலுக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். அதேபோல் விற்கும் இடத்து விளக்கையும் கவனியுங்கள். மஞ்சள் பல்பில் நீல ஒளி குறைவு என்பதால் நீலமும் ஊதாவும் கறுத்துப்போகும். மாலை நேரத்தில் அந்த விளக்கின் கீழ் சிவப்பு, ஆரஞ்சு, மாம்பழ மஞ்சள் மாலைகளை முன்னால் தொங்கவிடுங்கள். நீல மாலைகள் பகலில் வாசல் பக்கம் இருக்கட்டும்.

நம் ஊரில் மாலை கழுத்தில் கிடப்பதைவிட ஸ்வெட்டரின் மேல் கிடப்பதுதான் அதிகம். கறுப்பு, நேவி ப்ளூ, மெரூன் ஸ்வெட்டரில் கருகமணியோ அரக்கு மாலையோ போட்டால் காணாமலே போய்விடும். படுகர் வீட்டு விசேஷங்களில் வெள்ளை உடுத்தி வருபவர்களுக்கோ அதே அரக்கு மாலை அவ்வளவு எடுப்பாக இருக்கும். சமவெளியிலிருந்து வரும் சுற்றுலாப் பயணி அதைக் கொண்டுபோய் ஊரில் காட்டன் குர்த்தாவின் மேல் போடுவார். அதனால் ஒரு வெள்ளைத் துணி, ஒரு கறுத்த ஸ்வெட்டர், உங்கள் முன்கை மூன்றின் மேலும் வைத்துப் பாருங்கள். மூன்றில் இரண்டில் தேறினால் போதும்.

மலையிலேயே நிறக் கூட்டணி தேடலாமா என்றால், தேடலாம், அப்படியே காப்பியடிக்கத்தான் கூடாது. கோடையை ஒட்டிப் பூக்கும் ஜெகரண்டா மரத்தின் ஊதாவும் தேயிலைக் கொழுந்தின் இளம்பச்சையும் நல்ல ஜோடி. ஆனால் இரண்டுமே வெளிர் பக்கம் இருப்பதால் மணியில் மங்கும். ஊதாவில் ஒரு சாயலை நன்றாக அடர்த்தியாக எடுத்து, கொழுந்துப் பச்சையை அந்த ஐந்து மணிக் கணக்குக்குள் வையுங்கள். சீகை (வாட்டில் மரம்) பூவின் மஞ்சளுக்கு அதன் இலையைப் போல் சாம்பல் படிந்த பச்சையும், துணைக்கு அடர் காப்பிப் பழுப்பும் எடுத்தால் முதல் முயற்சியிலேயே தேறிவிடும். ரோடோடென்ட்ரான் சிவப்பும் அதன் கரும்பச்சை இலையும் மரத்தில் பார்க்கக் கொள்ளை அழகு, மணியில் உங்கள் பழைய பிரச்சினையே திரும்ப வரும். மரத்தில் இலைக்கும் பூவுக்கும் இடையில் வானம் தெரிகிறது, மாலையில் அது இல்லை. வானத்துக்குப் பதிலாகக் கிரீமோ வெளிர் சாம்பலோ போட்டால் சரியாகிவிடும். ஹூக், கம்பி விஷயத்தில் சிவப்பு மஞ்சள் வகைக்குத் தங்க நிறமும், நீலம் ஊதா வகைக்கு வெள்ளி நிறமும் போதும், அதற்கு மேல் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

‘குறிஞ்சி கலர்’ கேட்டுப் பலர் வருவார்கள். நீலமும் ஊதாவும் கலந்த அந்த நிறத்தில் கொஞ்சம் ஜாக்கிரதை. கண்ணாடியையே அசல் ரோஸ் நிறத்தில் உருக்குவது செலவான வேலை, அந்தக் காலத்திலிருந்தே அதற்குத் தங்கம் சேர்ப்பார்கள். அதனால் மலிவு விலை ரோஸ், மெஜந்தா, ஊதா மணிகள் பெரும்பாலும் மேலே சாயம் ஏற்றியவையாக இருக்கும். 1000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 சதவீதம் வீதம் புற ஊதாக் கதிர் கூடும் என்பார்கள். ஊட்டி இருப்பதோ 2,200 மீட்டருக்கு மேலே. குளிர்தானே என்று வெயிலில் தொங்கவிட்டால் ஒரே சீசனில் வெளுத்துவிடும். நகப்பூச்சு நீக்கியில் பஞ்சை நனைத்து நாலு மணியைத் தேயுங்கள், நிறம் ஒட்டிக்கொண்டு வந்தால் சாய மணி. இன்னொரு வழி, ஒரு சரத்தில் பாதியைச் சமையல் ஃபாயிலில் சுற்றி இரண்டு வாரம் வெயில் படும் இடத்தில் வைத்துவிட்டு, பிரித்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம் அந்த இருபது மாலைகள். எல்லாவற்றையும் அறுக்காதீர்கள். முதலில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துக் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுங்கள், நாலைந்தாவது தப்பிக்கும். மீதியில் மஞ்சள் ஊதா மாலைகளைப் பிரிக்கும்போது மஞ்சளைத் தனியாக எடுத்து வையுங்கள், அது எல்லாவற்றுக்கும் ‘ஐந்து மணி’யாக உதவும். சிவப்பு பச்சை மாலைகளுக்குப் புதிதாக வாங்க வேண்டியது கிரீம் நிற மேட் மணியும் கொஞ்சம் தங்க நிற மணியும் மட்டும்தான். மிஞ்சும் பச்சை மணிகளைக் காதணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். காதணியை வாங்குபவர் கையில் எடுத்து அருகில் வைத்துத்தான் பார்ப்பார் என்பதால், அங்கே ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்தாலும் பாதகமில்லை.