மைதான வாத்தியார் பதில்கள்

பாளையங்கோட்டையில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கிளப் கிரிக்கெட் ஆடும் வாசகர்களுக்குப் பதில் தருகிறார்.

கே: ஐயா, எனக்கு வயது 34. அம்பாசமுத்திரத்தில் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிறுதோறும் லீக் ஆட்டத்தில் வேகப்பந்து வீசுகிறேன். மூன்றாவது ஓவரிலேயே வலது பின்தொடை பிடித்துக்கொள்கிறது. ஜிம்முக்குப் போயும் பலனில்லை.

ப: ஜிம்மில் என்ன செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நானே சொல்லிவிடுகிறேன்: மார்பு, புஜம். கண்ணாடியில் தெரிகிற பாகங்களுக்குத்தான் நம்மவர்களிடம் கவனிப்பு. பின்தொடை கண்ணாடியில் தெரியாது, தம்பி.

திங்கள் முதல் சனி வரை கல்லாவுக்குப் பக்கத்தில் மடங்கிக் கிடந்த காலை, ஞாயிறு காலையில் முழு வேகத்தில் ஓடவிடுகிறீர்கள். பந்து வீசும்போது முன்கால் ஊன்றுகிற கணத்தில் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை அதில் இறங்குகிறது. வாரத்தில் ஒரே நாள் வீசுவதுதான் உங்கள் கோளாறு. புதன்கிழமை மாலை முக்கால் வேகத்தில் நான்கு ஓவர் வீசுங்கள். பேட்ஸ்மேன் வேண்டாம், ஒரு ஸ்டம்பு போதும். வெள்ளிக்கிழமை ஓட்டம். ஆற்றங்கரையோரம் மெல்லோட்டம் போவதைச் சொல்லவில்லை. முப்பது மீட்டர் விரைந்து ஓடி, நடந்து திரும்பி, மறுபடி ஓடுங்கள். வாரத்துக்கு வாரம் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

இன்னொன்று. தரையில் முட்டி போட்டு நில்லுங்கள். நண்பர் ஒருவர் உங்கள் கணுக்கால்கள் இரண்டையும் அழுத்திப் பிடிக்கட்டும். இடுப்பை மடக்காமல் அப்படியே முன்பக்கமாக மெல்ல மெல்லச் சாயுங்கள். தாங்க முடியாமல் போகும் இடத்தில் கையை ஊன்றிக்கொள்ளுங்கள். முதலில் ஐந்தைந்தாக இரண்டு தடவை போதும். மறுநாள் மாடிப்படி இறங்கும்போது என்னைத் திட்டுவீர்கள், திட்டுங்கள். ஆட்டத்துக்கு முந்தின நாள் மட்டும் இதைத் தொடவே வேண்டாம். இப்போது வலி இருந்தால், வலியின்றி வேகமாக நடக்க முடிந்த பிறகே இவற்றையெல்லாம் தொடங்குங்கள்.

கே: தென்காசிப் பக்கம் டென்னிஸ் பந்தில் சிக்சர் அடித்தே பெயர் வாங்கியவன் நான். கிளப்பில் சேர்ந்து தோல் பந்தில் ஆடினால் பத்து ரன் தாண்டவில்லை. டென்னிஸ் பந்து என்னைக் கெடுத்துவிட்டதா?

ப: கெடுக்கவில்லை. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர், அதாவது மட்டையாளரின் காலடியில் விழும் பந்து, பழகிய நடராஜன், 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காகப் பந்து வீசினார். ஆனால் அவர் பந்துவீச்சாளர். உங்கள் பாடு வேறு.

டென்னிஸ் பந்து ஐம்பத்தெட்டு கிராம் சொச்சம். தோல் பந்து ஆண்கள் ஆட்டத்தில் 156 முதல் 163 கிராம் வரை. முன்னது குத்தி நின்று எழும்புகிறது, காத்திருந்து சுழற்றலாம். பின்னது தையலில் பட்டு விலகும், சறுக்கிக்கொண்டும் வரும். நீங்கள் முன்காலை விலக்கி, லெக் பக்கம் குறுக்கே மட்டையை வீசுகிறீர்கள் என்று பார்க்காமலே சொல்வேன். மேட்டிங்கில், அதாவது பாய் விரித்த ஆடுகளத்தில், பந்து எகிறுவதால் அது சில நாள் தப்பிக்கும். புல்தரை ஆடுகளம் ஒன்று கிடைத்தால் ஸ்டம்பு போய்விடும்.

டென்னிஸ் பந்தைத் தண்ணீரில் முக்கி, சிமெண்ட் தரையில் நண்பரை எறியச் சொல்லுங்கள். தாழ்ந்து சறுக்கி வரும். அதைக் கண்ணுக்கு நேர் கீழே, மட்டையைத் தளர்வாகப் பிடித்து, நேர்மட்டையில் தடுங்கள். அடிக்கக் கூடாது. தடுத்த பந்து உங்கள் காலடியிலேயே விழ வேண்டும். அது கைவந்த பிறகு சிக்சரைப் பற்றிப் பேசலாம்.

கே: என் மகனுக்கு 15 வயது. பள்ளி அணி, கிளப், பயிற்சி மையம் மூன்றிலும் வேகப்பந்து வீசுகிறான். ஒரு மாதமாக இடுப்புக்கு மேலே இடது பக்கம் வலிக்கிறது என்கிறான். தைலம் தேய்க்கிறோம். — பாளையங்கோட்டை வாசகி

ப: அம்மா, தைலத்தை மூடி வையுங்கள். பந்து வீசுவதை இன்றே நிறுத்தி, எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வளரும் வயதில் அதிகம் வீசும் பையன்களுக்குக் கீழ் முதுகெலும்பில் நுண்ணிய விரிசல் விழுவது உண்டு. வலக்கையால் வீசுகிறவனுக்கு அது பெரும்பாலும் இடப்பக்கமாகவே வரும். பின்னால் வளையும்போது வலி கூடுகிறதா என்று மருத்துவர் கேட்பார். சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். ஸ்கேன் எழுதிக் கொடுத்தால் தயங்க வேண்டாம்.

மூன்று பயிற்சியாளர்களும் நல்லவர்களாகவே இருக்கலாம். ஒவ்வொருவரும் "ஆறு ஓவர்தானே வீசினான்" என்று கணக்கு வைத்திருப்பார்கள். மூன்றையும் கூட்டிப் பார்க்கிற ஆள் கிடையாது. மருத்துவர் அனுமதித்துத் திரும்ப ஆடும்போது நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, வலைப்பயிற்சி உட்பட அன்றன்று வீசிய பந்துகளை அவனையே எழுதச் சொல்லுங்கள். மூவருக்கும் அதைக் காட்டட்டும். கோபித்துக்கொள்கிற பயிற்சியாளரை விட்டு விலகிவிடுங்கள்.

கே: புரோட்டீன் பவுடர் அவசியமா?

ப: முட்டை, பொரிகடலை, பயறு, மீன் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு கேளுங்கள்.

கே: பணகுடியில் ஆடுகிறோம். ஆனி, ஆடியில் உயரக் கேட்ச் ஒன்றும் நிற்பதில்லை. ஏதாவது வழி?

ப: ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், உங்கள் ஊரிலோ ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து நேரே வந்து இறங்குகிறது. பந்து விழும் என்று கண் சொல்கிற இடத்துக்கு ஓடாதீர்கள். அதற்குச் சில அடி கிழக்கே போய், மேற்கே முகம் வைத்து நில்லுங்கள். காற்று பந்தை உங்களை நோக்கித் தள்ளும். முன்னால் வருகிற பந்துக்கு இரண்டடி எட்டு வைக்கலாம். விலகிப் போகிற பந்தைத் துரத்திப் பிடிப்பது கடினம். பயிற்சியையும் காற்று அடிக்கிற மாலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். காற்று ஓயட்டும் என்று காத்திருந்தால் பழக்கம் வராது.

இரண்டு பேர் ஒரே பந்துக்கு ஓடி முட்டிக்கொள்வதும் அங்கே நடக்கும். கிழக்கே நிற்பவர் கத்தினால் மேற்கே கேட்காது. அதனால் "நீ எடு", "நான் எடுக்கிறேன்" இரண்டையும் மேற்கே நிற்பவரே சொல்லட்டும்.