படம் நாடகம் மாதிரித் தெரிவது – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் தொடர்மாடியில் சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். வார இறுதியில் வீட்டில் என்ன படம் பார்த்தோம், எப்படி இருந்தது என்று நாலு வரி எழுதுவோம். கொஞ்சக் காலமாக எல்லாரும் ஒரே குறைகளைத்தான் எழுதுகிறோம். "படம் மெகா சீரியல் மாதிரி இருக்கு." "பாட்டும் சண்டையும் காதைப் பிளக்குது, கதைக்கிறது விளங்கேல்லை." "முழுப் படமும் இருட்டு." "இரண்டாம் பாதி இழுவை." அதே படங்களைச் சவோய் தியேட்டரில் பார்த்த என் மச்சானுக்கு இந்தக் குறை ஒன்றும் தெரியவில்லை. ஒரு மலையாளப் படத்தைத் தமிழ் டப்பிங்கில் பார்த்துவிட்டு நடிப்பு செயற்கை என்று எழுதினேன். மலையாளத்திலேயே பார்த்த ஒருவர் கடுமையாக மறுத்தார். நாங்கள் விமர்சகர்கள் அல்ல. ஆனாலும் ஒரு படத்தைப் பற்றிப் பிழையாக எழுத விருப்பமில்லை. பிழை எங்கே இருக்கிறது? எங்களுடையது 43 அங்குல டிவி, ஹோலில் சுவரில் மாட்டியிருக்கிறது.

சி. ம.,
வெள்ளவத்தை

அன்புள்ள சி. ம.,

நீங்கள் எழுதிய முதல் மூன்று குறைகளும் பெரும்பாலும் படத்தின் குறைகள் அல்ல. உங்கள் டிவியின் செட்டிங்கும் உங்கள் ஹோலும் சேர்ந்து உண்டாக்குபவை. நாலாவதில் படத்துக்கும் பங்கு இருக்கலாம், நீங்கள் பார்த்த விதத்துக்கும் பங்கு இருக்கலாம். டப்பிங் விடயத்தில் நியாயம் உங்களை மறுத்தவர் பக்கம்.

சீரியல் மாதிரித் தெரிவதை முதலில் எடுத்துக்கொள்வோம். சினிமா விநாடிக்கு 24 சட்டங்களாக (ஃபிரேம்களாக) எடுக்கப்படுகிறது. இன்றைய டிவிகள் விநாடிக்கு 50, 60 அல்லது 120 தடவை திரையைப் புதுப்பிக்கின்றன. இடைவெளியை நிரப்ப, இரண்டு சட்டங்களுக்கு நடுவில் எடுக்கப்படாத சட்டங்களை டிவியே ஊகித்து உருவாக்கிச் செருகுகிறது. அசைவு வழுவழுப்பாகிவிடும். ஸ்டூடியோ வீடியோ கெமராவில் எடுத்த நாடகங்களில் அசைவு விநாடிக்கு 50 தடவை பதிவானதால் அந்த வழுவழுப்பு நமக்கு நாடகத்தோடு பழகிப்போன ஒன்று. அதனால்தான் பல கோடி செலவழித்து எடுத்த காட்சியும் செட் போட்டு எடுத்தது போலத் தோன்றுகிறது. வேகமாகக் கை வீசும்போது விரல்களைச் சுற்றி ஒரு நெளிவு தெரிந்தால், அது இந்த ஊகம் பிழைத்த இடம்.

இதை நிறுத்த ஒரு நிமிடம் போதும். படத்துக்கான செட்டிங்கில், சாம்சங் டிவியில் 'பிக்சர் கிளாரிட்டி' (பழையவற்றில் 'ஓட்டோ மோஷன் பிளஸ்'), எல்.ஜி.யில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ' என்று இருக்கும். விலை குறைந்த ஆண்ட்ராய்ட் டிவிகள் பலவற்றில் 'எம்.ஈ.எம்.சி.' என்று போட்டிருப்பார்கள். அதை அணைத்துவிடுங்கள். பலர் இங்கே ஒன்றைக் கவனிப்பதில்லை. பல டிவிகளில் இந்த மாற்றம் அந்தப் பட முறைக்கும் அந்த இணைப்புக்கும் மட்டுமே பொருந்தும். எச்.டி.எம்.ஐ. பெட்டியில் பார்க்கும்போது அணைத்தது, டிவியின் உள்ளேயே இருக்கும் நெட்ஃபிளிக்ஸில் அணையாமல் இருக்கலாம். இரண்டிலும் போய்ப் பாருங்கள். 2018 டிசம்பரில் நடிகர் டொம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மக்குவாரியும் இதை அணைக்கும்படி கேட்டே ஒரு காணொளி வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு 'ஃபில்ம்மேக்கர் மோட்' என்ற பொது முறை அறிவிக்கப்பட்டது. உங்கள் டிவியில் அது இருந்தால் அந்த ஒன்றைத் தெரிவு செய்தாலே போதும். கிரிக்கெட் பார்க்கும்போது பழைய முறைக்கு மாற்றிக்கொள்ளலாம், அங்கே வழுவழுப்பு நன்றாகவே இருக்கும்.

இருட்டு என்ற முறைப்பாட்டுக்குக் காரணங்கள் பல. அவற்றை இந்த ஒழுங்கில் சோதியுங்கள். முதலில் மின்சாரச் சேமிப்பு முறை. அறை வெளிச்சத்தைப் பார்த்துத் திரையைத் தானாக மங்கச்செய்யும் உணரி அநேகமாக அதோடு சேர்ந்தே இருக்கும். இரவில் லைட்டை அணைத்ததும் டிவியும் மங்கினால் காரணம் இதுதான். இரண்டையும் நிறுத்துங்கள். அடுத்தது 'பிரைட்னஸ்'. இருட்டாக இருக்கிறது என்றதும் எல்லாரும் முதலில் கூட்டுவது இதைத்தான். பல டிவிகளில் இது கறுப்பு எங்கே தொடங்கவேண்டும் என்பதை மட்டும் தீர்மானிக்கிறது. கூட்டினால் கறுப்பு சாம்பலாகிப் படம் வெளிறும், உண்மையான வெளிச்சம் கூடாது. கூட்டவேண்டியது 'பேக்லைட்', அதாவது திரைக்குப் பின்னால் இருந்து வரும் வெளிச்சம். சில புதிய மாதிரிகளில் பேக்லைட்டையே பிரைட்னஸ் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். அப்படியானால் கறுப்பை மாற்றுவது 'பிளாக் லெவல்' என்று வேறாக இருக்கும். நகர்த்தும்போது திரையின் கறுப்புப் பட்டை சாம்பலாகிறதா என்று பார்த்தால் எது எதுவென்று தெரிந்துவிடும்.

மூன்றாவது எச்.டி.ஆர்., அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையிலான வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் முறை. இந்த வகைப் படங்கள் பொதுவாக 1000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) ஒளிரும் திரையை மனதில் வைத்து முடிக்கப்படுகின்றன. விலை குறைந்த டிவி எச்.டி.ஆர். சின்னத்தைக் காட்டும், ஆனால் 300 நிட்ஸைத் தாண்டாது. உச்ச வெளிச்சத்துக்கு இடம் விடுவதற்காக மற்ற எல்லாவற்றையும் கீழே தள்ளிவிடும், முகங்கள் இருண்டுவிடும். வெளிப் பெட்டியிலோ ஸ்டிக்கிலோ பார்ப்பவர்கள் அதன் செட்டிங்கில் எச்.டி.ஆரை நிறுத்திச் சாதாரண முறையில் பாருங்கள். உங்கள் டிவியில் அதுதான் நல்ல படமாக இருக்கக்கூடும். கடற்கரைப் பக்கம் பல்கனி இருக்கிற வீடுகளில் பின்னேரம் வெயில் நேராகத் திரையில் விழும். அந்த நேரத்தில் எந்த டிவியிலும் இரவுக் காட்சி விளங்காது. திரைச்சீலை போடுங்கள், அல்லது அப்படியான படத்தை இரவுக்கு வையுங்கள்.

இருட்டில் சதுரம் சதுரமாகக் கட்டங்கள் தெரிந்தால் குறை வெளிச்சத்தில் இல்லை, டேட்டாவில். புகை, மழை, இருட்டு ஆகியவைதான் சுருக்கப்படும்போது முதலில் உடைபவை. நெட்ஃபிளிக்ஸ் முழு எச்.டி. (1080) தரத்துக்கு 5 எம்.பி.பி.எஸ். இணைய வேகமும் 4கே.க்கு 15உம் தேவை என்கிறது. எச்.டி. மணித்தியாலத்துக்கு 3 ஜி.பி. வரை எடுக்கும். பக்கேஜ் முடிந்துவிடும் என்று டேட்டா சேமிப்பில் வைத்துப் பார்ப்பவர் ஒளிப்பதிவைப் பற்றி எழுதாமல் விடுவதே நேர்மை. ஃபோனில் பார்க்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். வைட்வைன் என்பது களவாகப் பிரதி எடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்பு, அதில் கீழ் நிலையான எல்3 மட்டுமே உள்ள ஃபோனில், வேகம் எவ்வளவு இருந்தாலும் நெட்ஃபிளிக்ஸ் 480க்கு மேல் போகாது. செயலியின் செட்டிங்கில் 'பிளேபேக்' விவரத்தில் எல்1 என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோன் திரையை அப்படியே டிவியில் பிரதிபலிப்பதைவிட, செயலி இடம் தந்தால் 'காஸ்ட்' செய்வது மேல். பிரதிபலிக்கும்போது படம் இன்னொரு தடவை சுருக்கப்படுகிறது. காஸ்டில் டிவியே நேரடியாக எடுத்துக்கொள்ளும்.

திரையரங்கில் பதிவு செய்த களவுப் பிரதியைப் பார்த்தவர் நல்லது கெட்டது எதையும் எழுதக்கூடாது. அவர் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது.

சத்தம்தான் இவற்றில் மிகவும் முக்கியம், இதைத்தான் எல்லாரும் கடைசியாகக் கவனிக்கிறார்கள். திரையரங்கில் வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் இருக்கும் நடு ஒலிபெருக்கியில் இருந்து தனியாக வருகிறது. வீட்டில் படத்தின் ஆறு ஒலித் தடங்களும் ('5.1' என்பது இதைத்தான்) டிவியின் இரண்டு சிறிய ஒலிபெருக்கிகளுக்குள் அடைக்கப்படுகின்றன. அவையும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருக்கும். சுவரில் மாட்டிய டிவியில் சத்தம் சுவரில் பட்டுத்தான் உங்களிடம் வருகிறது. அதோடு திரையரங்கு 85 டெசிபெல் என்ற அடிப்படை அளவில் சீராக்கப்படுகிறது. தொடர்மாடியில் அந்தச் சத்தத்துக்கு வைக்க முடியாது. மொத்தத்தையும் குறைத்ததும், மெல்லிய குரலில் கதைப்பது ஃபேன் சத்தத்துக்குக் கீழே போய்விடுகிறது. காலி வீதியில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தால் ஒரு வசனம் முழுதாகப் போய்விடும். டைல்ஸ் நிலமும் வெறும் சுவரும் எதிரொலித்து மிச்சத்தைக் குழப்பும்.

செய்யக்கூடியவை: படம் ஓடும்போது ஒலித் தெரிவைத் திறந்து பாருங்கள். 'தமிழ்', 'தமிழ் 5.1' என்று இரண்டு இருந்தால், டிவியின் ஒலிபெருக்கியில் கேட்பவர்கள் வெறும் 'தமிழ்' என்பதை எடுக்கவேண்டும். டிவியின் ஒலி முறையில் குரலைத் தெளிவாக்கும் தெரிவு இருந்தால் அதைப் போடுங்கள், 'சரவுண்ட்' என்ற பெயரில் இருக்கும் ஜோடனைகளை அணையுங்கள். இரவு முறை இருந்தால் அது பெரிய சத்தத்தை அமுக்கிச் சிறிய சத்தத்தை உயர்த்தும், தொடர்மாடிக்கு ஏற்றது. கீழே ஒரு கம்பளமும் எதிர்ச் சுவரில் தடித்த திரைச்சீலையும் இருந்தாலே வித்தியாசம் கேட்கும். இசை முழுதாகக் கேட்டு, வசனம் மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல இருந்தால் அது வேறு நோய். பெட்டி ஆறு தடத்தையும் அனுப்புகிறது, உங்கள் ஹோம் தியேட்டரில் நடு ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. வயரைப் பாருங்கள், அது இல்லாத செட் என்றால் பெட்டியின் ஒலி வெளியீட்டை 'பி.சி.எம்.', 'ஸ்டீரியோ' என்று மாற்றுங்கள். இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், அதே பத்து நிமிடத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள். அதிலும் விளங்காவிட்டால் ஒலிக்கலவையைக் குறை சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அப்படி வசனத்தை இசைக்குள் புதைத்த படங்களும் வரத்தான் செய்கின்றன, அதைத் தயங்காமல் எழுதவேண்டும்.

படத்தின் வடிவத்தையும் சொல்லவேண்டும். அகலத் திரைப் படங்கள் 2.39க்கு 1 என்ற அளவில் இருக்கும், டிவி 1.78க்கு 1. அதனால்தான் மேலும் கீழும் கறுப்புப் பட்டை. பட்டை பிடிக்காமல் 'ஸூம்' போட்டு நிரப்பினால் அகலத்தில் கால்வாசி வெட்டுப்பட்டுவிடும். ஓரத்தில் நின்று நடித்தவர் காணாமல் போவார். 43 அங்குலத்துக்கு ஏறத்தாழ 6 அடி தூரத்தில் இருந்து பார்க்கவேண்டும் (திரையின் மூலைவிட்டத்தை 1.6ஆல் பெருக்கினால் கணக்கு வரும்). ஹோலின் மறு சுவரோடு போட்ட சோஃபாவில் இருந்து 12 அடி தள்ளிப் பார்த்தால் முகத்தில் ஓடும் சிறு மாற்றங்கள் தெரியாது. 'நடிப்பு இல்லை' என்ற கருத்துகள் சில இப்படித்தான் பிறக்கின்றன. படம் பார்க்கும் இரண்டு மணித்தியாலத்துக்குக் கதிரைகளை முன்னே இழுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பாதி இழுவை என்பதற்கு வருவோம். தமிழ்ப் படங்கள் இடைவேளையை வைத்தே எழுதப்படுகின்றன. முதல் பாதி ஒரு முடிச்சை நோக்கி ஏறும், இடைவேளையில் அது விழும், அதற்குப் பிறகு கதை கொஞ்சம் தணிந்து மீண்டும் ஏறும். வீட்டில் நாம் இடைவேளை அட்டையைத் தாண்டி ஓடவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு, அதாவது கதை தணிகிற இடத்தில் நிறுத்துகிறோம். திரும்பி வந்து இருக்கும்போது மிக மெதுவான பகுதியில் தொடங்குகிறோம். மனம் ஒட்டாது. இடைவேளை அட்டை வரும் இடத்திலேயே நிறுத்தி, பதினைந்து நிமிடத்தில் திரும்பி வாருங்கள். மூன்று இரவுகளாகத் துண்டு துண்டாகப் பார்த்த படத்தின் வேகத்தைப் பற்றி எழுதவேண்டாம். நடிப்பையும் கதையையும் பற்றி எழுதலாம். இப்படிப் பார்த்தும் இழுத்தால், படம் இழுக்கிறது. எந்த நிமிடத்தில் இழுக்கத் தொடங்கியது என்று குறித்து எழுதுங்கள். "1 மணி 40க்குப் பிறகு வரும் ஊர்ப் பஞ்சாயத்துக் காட்சி நமக்கு முன்பே தெரிந்ததையே திரும்பச் சொல்கிறது" என்பது கருத்து. 'செக்கண்ட் ஹாஃப் லாக்' என்பதில் மற்றவருக்கு எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

டப்பிங். மலையாளப் படங்கள் பலவற்றில் நடிகர் அந்த இடத்தில் கதைத்ததையே பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவில் குரலும் சூழல் சத்தமும் ஒன்றாக இருக்கும். தமிழுக்கு மாற்றும்போது குரலை எடுத்தால் காலடி, பாத்திரச் சத்தம், அறையின் முழக்கம் எல்லாம் சேர்ந்து போய்விடும். அவற்றைத் திரும்ப உண்டாக்கவேண்டும். அவசரத்தில் அது அரைகுறையாக முடிகிறது. வாய் அசைவுக்குப் பொருந்த வசனம் நீட்டப்படுகிறது அல்லது ஓட்டப்படுகிறது. நீங்கள் கேட்டது வேறொருவரின் குரல், நடிகரின் உடலை மட்டுமே கண்டீர்கள். "தமிழ் டப்பிங்கில் குரல் செயற்கை" என்று நீங்கள் எழுதியிருந்தால் சரியாக இருந்திருக்கும், உங்கள் நண்பருக்கும் மறுக்க ஒன்றும் இருந்திராது. மூல ஒலியில் சப்டைட்டிலோடு பாருங்கள். எழுத்து சிறிதாக இருப்பதால் வீட்டில் பெரியவர்கள் விரும்புவதில்லை என்றால், நெட்ஃபிளிக்ஸில் எழுத்தின் அளவையும் பின்புற நிறத்தையும் உங்கள் கணக்கின் சப்டைட்டில் பகுதியில் மாற்றலாம். பெரிய எழுத்து, கறுப்புப் பின்னணி என்று வைத்தால் 43 அங்குலத்தில் தாராளமாக வாசிக்கலாம்.

குழுவில் எழுதும்போது முதல் வரியில் இவற்றை மட்டும் போடச் சொல்லுங்கள்: எந்த மொழி ஒலியில், எந்தத் திரையில், ஒரே இருப்பிலா துண்டாகவா. ஓடும் நேரத்தையும் எழுதினால் நல்லது. திரையரங்குக்கு வந்ததும் ஓ.டி.டி.க்கு வந்ததும் சில படங்களில் ஒரே வெட்டு அல்ல, உங்கள் மச்சான் பார்த்த காட்சி உங்களுக்கு வராமலே போயிருக்கலாம். இந்த வாரம் நீங்களும் மச்சானும் கருத்து வேறுபட்ட ஒரு படத்தை எடுத்து, மேலே சொன்ன மாற்றங்களைச் செய்துவிட்டு முதல் இருபது நிமிடத்தைத் திரும்பப் பாருங்கள். அதன்பிறகு எந்தக் குறை மிஞ்சுகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.