அயோடின் கரையவில்லையா? பொட்டாசியம் அயோடைடு சேருங்கள்

மகளின் ஸ்டார்ச் சோதனைக்காக (மாவுச்சத்து இருந்தால் அயோடின் பட்டு நீலமாகும்) பாரிமுனையில் வாங்கிய அயோடின் படிகம் 1 கிராமை 100 மி.லி. தண்ணீரில் போட்டு ஒரு நாள் ஆகியும் அடியிலேயே கிடக்கிறது, போலிச் சரக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். சரக்கு சரியாகத்தான் இருக்கும். 25 டிகிரியில் 100 மி.லி. தண்ணீர் சுமார் 0.03 கிராம் அயோடினைத்தான் ஏற்கும். நீங்கள் போட்டது அதைப்போல முப்பது மடங்குக்கும் மேல்!

அடுப்பில் மட்டும் வைத்துவிடாதீர்கள். ஊதா ஆவி கிளம்பிக் கண்ணையும் மூக்கையும் பதம் பார்க்கும்.

வழி, பொட்டாசியம் அயோடைடு என்ற உப்பு. 2 கிராமை ஐந்தாறு மி.லி. தண்ணீரில் முதலில் கரையுங்கள். அதில் அயோடினைப் போட்டுக் கலக்குங்கள். கரைந்த பிறகே மீதித் தண்ணீர். இந்த வரிசையை மாற்றினால் மணிக்கணக்கில் கலக்க வேண்டியிருக்கும். அயோடின் மூலக்கூறு அயோடைடு அயனியோடு சேர்ந்து டிரை-அயோடைடு ஆகிறது, அது தண்ணீரில் நன்றாகக் கரையும். பிரெஞ்சு மருத்துவர் லூகோல் 1829-இல் செய்த கரைசலும் இதே சங்கதிதான்.

ஆல்கஹாலில் அயோடின் நேரடியாகவே கரையும், பழுப்பாக. ஹெக்சேன் என்ற பெட்ரோலியக் கரைப்பானில் கரைத்தால் ஊதா! அந்த நிற வித்தியாசம் பார்க்கவே அழகு, ஆனால் உங்கள் மகளின் ஸ்டார்ச் சோதனைக்கு அது தேவையில்லை.

கரைசலைப் பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி இறுக மூடிவையுங்கள். உலோக மூடி வேண்டாம், அரித்துப்போகும். நம்ம ஊர் வெயிலில் திறந்து வைத்தால் அயோடின் பறந்துவிடும். அப்புறம், கஞ்சித் தண்ணீரை ஆறவைத்துச் சோதியுங்கள். சூட்டில் நீலம் வராது.